இருபத்திரண்டு வருடம் துப்பிய அமைதி

தமாக்கி என் மருந்துக் கடைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்றுகொண்டுதான் பேசுவாள். உள்ளே வந்தால் மருந்து வாசனை உடுப்பில் ஒட்டிக்கொள்ளுமாம். அந்த உடுப்போடு வேலைக்கு, தேயிலை ருசி பார்க்கும் அறைக்குப் போனால் முதலாளி இசுமிதானி மூக்கைச் சுளிப்பாராம். அதனால் எங்கள் நட்பு இருபத்திரண்டு வருடமாகத் தெருவில்தான் நடக்கிறது. நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று கத்துவேன், அவள் வாசலில் நின்று கத்துவாள். அவள் மாமியாரோடு முறைத்துக்கொண்ட கதையெல்லாம் ஜப்பானின் தேயிலை ஊரான உஜியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். மூட்டுவலித் தைலம் வாங்க வந்தவர்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளியில் மத்தியானம் கொடுக்கிற மிசோ சூப்பைத் தமாக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, இன்றைக்குச் சமைத்தது வேறு ஆள் என்பாள். போய்ப் பார்த்தால் வழக்கமான சமையல்காரம்மா காய்ச்சலில் படுத்திருப்பார். இப்படிப்பட்ட நாக்கு ஒரு குழந்தைக்கு வாய்த்தால் வீட்டில் யாரும் கொண்டாடமாட்டார்கள். அவள் அப்பா வரி அலுவலகத்தில் குமாஸ்தா. சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கிற பிள்ளை என்று அவளைத் திட்டியே வளர்த்தார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வருகிற வரத்தை வியாதி என்று நினைப்பதில் பெற்றவர்களை மிஞ்ச ஆளில்லை.

இருபத்து மூன்று வயதில் இசுமிதானியின் தேயிலைக் கடையில் டப்பா அடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அடைத்துக்கொண்டிருந்த இலையை முகர்ந்து பார்த்து, இதில் போன வருடத்துச் சரக்கு கலந்திருக்கிறது என்று முதலாளியிடமே போய்ச் சொல்லிவிட்டாள். கிடங்கில் விசாரித்தால் உண்மைதான். மறுநாளே அவளை ருசி பார்க்கும் அறைக்கு மாற்றினார் இசுமிதானி. அதற்கு அப்புறம் அவள் பூண்டு சாப்பிட்டதில்லை, வாசனைத் திரவியம் போட்டதில்லை, மத்தியானத்தில் கறி சோறு தொட்டதில்லை. ரயில் ஓட்டுகிற ரியோஜியைக் கட்டிக்கொண்டாள். அவர் எந்தத் தேநீரைக் குடித்தாலும், “சூடா இருக்கு” என்று ஒரே அபிப்பிராயம் சொல்வார். வீட்டுக்கு ஒரு நாக்கு போதும் என்று அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரே ஒரு குறை. நாலு பேர் முன்னால் அவள் கை நடுங்கும்.

எங்கள் ஊரில் சாகபுகி என்று தேநீரைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. ஐந்து வகைத் தேயிலை. அன்றைக்கு மட்டும் அவற்றுக்குப் பூ, பறவை, காற்று, நிலா, விருந்தாளி என்று பெயர். காய்ந்த இலையை முதலில் காட்டிவிடுவார்கள். அப்புறம் திரைக்குப் பின்னால் ஒருவர் கொதிக்கிற நீர் ஊற்றி, எந்த வரிசை என்று சொல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னக் கிண்ணத்தில் தருவார். குடித்துப் பார்த்து, இது இன்னது என்று தோன்றினால் அந்தப் பெயர் எழுதிய மரச்சில்லை உங்கள் பெட்டியின் துளையில் போடவேண்டும். போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. ஐந்து கிண்ணம் ஒரு சுற்று, மொத்தம் ஐந்து சுற்று. ஒரு சுற்றில் நாலு மதிப்பெண் யாருக்கும் வராது. ஒன்று தப்பினால் அது உட்காரவேண்டிய இடத்தில் இன்னொன்றும் தப்பியிருக்கும். ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கக்கூடாது. திறந்தால் ஆள் அவுட்.

வாய் திறக்கக்கூடாது என்பதே தமாக்கிக்குப் பெரிய தண்டனை. போதாததற்கு கையும் நடுங்கும். அவள் சில்லைத் துளைக்குக் கொண்டுபோகும்போது மரத்தில் மரம் பட்டு கடகடவென்று ஒரு சத்தம் வரும். மூடிய அறை, பத்துப் பேர், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதில் இந்தக் கடகட. முதல் வருடம் அந்த நடுக்கத்தில் கையில் இருந்த இரண்டு சில்லும் ஒன்றாக உள்ளே விழுந்து, வரிசையே தவறிப்போய், ஒரு சுற்றில் சுத்தமாகப் பூஜ்யம் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே பாதிப் பேருக்கு மேல் ஒன்றாவது சரியாக வந்துவிடும். மருந்துக் கடைக்காரி நானே பூஜ்யம் வாங்கியது அபூர்வம். அந்த நாளிலிருந்து ஆட்டம் என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

அதே கடையில் கட்டகிரி என்று இன்னொருவர் ருசி பார்க்கிறார். ஐம்பத்தொரு வயது, ஒரு மயிர் கலையாத தலை. தபால் பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி சில்லைப் போட்டுவிட்டுக் கையைத் தொடைமேல் வைத்துக்கொள்வார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தமாக்கியின் நாக்கில் முக்கால்வாசி அவருக்கும் உண்டு. மீதி கால்வாசியை நிதானத்தை வைத்து ஈடுகட்டுவார்.

போன ஏப்ரலில் கடையின் தலைமைக் கலப்பாளர் முழங்கால் வலியால் ஓய்வு பெறுவதாகச் சொன்னார். பல தோட்டத்து இலைகளைக் கலந்து, மழை பெய்த வருடமானாலும் பெய்யாத வருடமானாலும் டப்பாவைத் திறந்தால் அதே ருசி வரும்படி செய்கிற வேலை அது. அந்தக் கடையில் அதற்கு மேல் நாற்காலி கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டு, ஜூன் மாதம் புதுத் தேயிலை வந்து முடிந்ததும் கடையில் நடக்கும் ஆட்டத்தில் இருவரில் யார் அதிகம் எடுக்கிறாரோ அவருக்கே என்று அறிவித்துவிட்டார். நியாயமானவர் என்று பெயர் வாங்கிய ஆட்கள் இப்படித்தான் அநியாயத்துக்கு நியாயம் பார்ப்பார்கள்.

அன்றைக்கு வாசலில் நின்று தமாக்கி பேசியது தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. நானே வெளியே போக வேண்டியதாயிற்று. கட்டகிரி ஒரு யோசனை சொல்லியிருக்கிறாராம். அவர் தலைமைக்கு வந்தால் ருசி பார்க்கிற வேலையையும் சேர்த்தே பார்த்துக்கொள்வார். தமாக்கிதான் நன்றாகப் பேசுகிறாளே, அவளைக் கடை முன்பக்கத்துக்கு அனுப்பலாம். முன்பக்கம் என்றால் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பச்சைத் தேயிலைத் தூள் போட்ட மச்சா ஐஸ்கிரீம் கொடுக்கிற இடம்.

“ஐஸ்கிரீம் விக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லடி, ஃபுமி. ஆனா இந்த நாக்கை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?” என்றாள்.

வாசலை மறைக்காதே, வாடிக்கையாளர் வருகிறார் என்று விரட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நான் கடையைத் திறப்பதற்குள் வந்து நின்றாள். சனிக்கிழமை தொலைக்காட்சியில் ஒரு மருத்துவர் தியானின் என்ற சத்தைப் பற்றிப் பேசினாராம். தேயிலையில் இருக்கிற ஒரு அமினோ அமிலம், மூளைக்குள்ளேயே போய் மனதைச் சாந்தப்படுத்துமாம், பதற்றம் குறையுமாம், தூக்கம் நன்றாக வருமாம், கவனம் கூடுமாம். அதிலும் நிழலில் வளர்த்த கியொக்குரோவில்தான் அது மிக அதிகமாம்.

கியொக்குரோ எங்கள் ஊர்ச் சரக்கு. அதைத்தான் அவள் நாள் முழுக்க ருசி பார்க்கிறாள். அப்படியிருந்தும் ஏன் சாந்தம் வரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்திருக்கிறாள். ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் விடை கிடைத்ததாம்.

“துப்பிட்டேன் ஃபுமி. ருசி பார்த்துட்டுத் துப்புறதுதானே என் வேலை. ஒரு நாளைக்கு நூறு கிண்ணம். இருபத்திரண்டு வருஷ அமைதியையும் எச்சில் தொட்டியில துப்பியிருக்கேன்.”

நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடை மீன்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து துப்பப்போவதில்லை, எல்லாவற்றையும் விழுங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன வேகத்தைப் பார்த்தால் தடுத்தும் பயனில்லை என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், என்னதான் ஆகிறது என்று பார்க்கவும் எனக்கு ஆசையாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தாள். கண் இரண்டும் ஆந்தைக்கண் மாதிரி விரிந்திருந்தன. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்துப் போட்டாயிற்று. ரியோஜியின் சீருடைப் பொத்தான்களை, நன்றாகவே இருந்தவற்றை, பிய்த்து மறுபடி தைத்தாயிற்று. எச்சில் தொட்டி ஏன் காய்ந்து கிடக்கிறது என்று முதலாளி கேட்டாராம். கை முன்பைவிட இரண்டு மடங்கு ஆடியது.

அவளை நடைபாதையில் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தேன். இந்தத் தியானின் என்பது செடியின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் கசப்புச் சரக்காக மாறிவிடும். அதனால்தான் பறிப்பதற்கு மூன்று வாரம் முன்பே தோட்டத்துக்கு மேலே கறுப்புத் துணி போர்த்துகிறார்கள். இந்த இடத்தில் அவள் கோபப்பட்டாள். பன்றிக்கே சேறு காட்டுகிறாயா என்கிற மாதிரி பார்த்தாள். நியாயம்தான். அதனால் அவளுக்குத் தெரியாததைக் கேட்டேன்: ருசி பார்க்கும் அறையில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

“கொதிக்கிற தண்ணி. அப்பதானே இலையோட குறை எல்லாம் வெளியில வரும்.”

“குறையோட காஃபீனும் சேர்ந்து வெளியில வரும். நீ நூறு கிண்ணம் காஃபீனைக் குடிச்சிட்டு அமைதி எங்கேன்னு தேடுறே.”

தியானின் வெதுவெதுப்பான நீரிலும் இறங்கும், ஐஸ் தண்ணீரிலும் இறங்கும். காஃபீனுக்கும் கசப்புக்கும்தான் சூடு வேண்டும். கியொக்குரோவைக் கைச்சூட்டுக்கு ஆறின நீரில் போட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்து, இரண்டு மிடறு குடிப்பது எதற்கு என்று நினைத்தாய் என்றேன். அதைத்தான் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அவளே சொல்லித் தருகிறாள். வீட்டில் அவள் குடிப்பது வெறும் வெந்நீர். தேயிலை வேலை செய்கிறவர்கள் வீட்டில் தேநீர் போடுவதில்லை.

அடுத்த வாரம் வீட்டில் ஆற்றிக் குடிக்கும் படலம் நடந்தது. பொறுமை இருந்தால் அவளுக்கு ஏன் இந்தப் பாடு? கெண்டியிலிருந்து கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து கெண்டிக்கும் நீரை ஊற்றி ஊற்றி, ஆறமாட்டாயா என்று அதைத் திட்டிக்கொண்டே நிற்பாளாம். ஆறுவதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுவாள். வந்து பார்த்தால் ரியோஜி குடித்துவிட்டுச் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் தூங்கியதைத் தியானினுக்குச் சாட்சியாக வைக்க முடியாது. அவர் நின்றுகொண்டே தூங்கக்கூடியவர். ரயில் ஓட்டும்போது மட்டும் விழித்திருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் மாத்திரை கேட்டாள். சப்பிச் சாப்பிடுகிற மாத்திரைப் பட்டையை வாசலில் வைத்துக் கிழித்தேன். எலுமிச்சை வாசனை என்று சொல்லி மூன்றடி பின்னால் குதித்தாள். அதைத் தின்றால் மறுநாள் மத்தியானம்வரை நாக்கு செத்துவிடுமாம். வாசனை இல்லாத கூடு மாத்திரை ஒன்று இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன்னால் என் தொழிலுக்கு உரிய உண்மையைச் சொன்னேன். ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் தணிகிறது, சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஆய்வில் கொடுக்கிற இருநூறு மில்லிகிராம் ஒரு கிண்ணத் தேநீரில் கிடைக்காது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவள் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. முதலாளியின் முகத்தைத் தணிக்க ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டு ஞாயிறு என் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். நான் ஊற்றினேன், அவளும் ரியோஜியும் போட்டார்கள். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரம் கழித்து தமாக்கி போட்ட சில்லு ஒன்றுகூடக் கடகடக்கவில்லை. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து எடுத்தாள். ரியோஜி ஐந்து சுற்றிலும் சேர்த்து நாலு எடுத்தார், அதற்கே அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் துள்ளினேன். படித்தவள் துள்ளியிருக்கக்கூடாது. என் சமையலறையில் அவள் யாருக்குப் பயப்படவேண்டும்? எங்கள் இரண்டு பேருக்குமா? இந்தக் கேள்வி அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

ஆட்டத்தன்று கடையின் மேல்மாடியில் பத்துப் பேர் உட்கார்ந்தோம். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க முதலாளி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவார். மருந்து வாசனை போக இரண்டு தடவை குளித்துவிட்டு நானும் போவேன். தமாக்கி என் வலப்பக்கம், எதிரில் கட்டகிரி. ஒரு மணி நேரத்துக்கு முன்பே மாத்திரை விழுங்கியிருக்கிறாள், என் கண் முன்னாலேயே. இசுமிதானி வேட்டை நாய் மாதிரி நிமிர்ந்து வந்து, இந்த முறை நானே ஊற்றுகிறேன் என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போனார். அறுபத்தெட்டு வயது. இந்த ஊரில் அவர் ஊற்றினால் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை என்று சொல்வார்கள்.

முதல் கிண்ணம் வந்தது. தமாக்கி குடித்தாள். பறவைச் சில்லை எடுத்துத் துளைக்குக் கொண்டுபோனாள்.

கடகடகட.

இருநூறு மில்லிகிராமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். என்னை நம்பி ஏமாந்த பார்வை அது. அதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனாலும் நாக்கு வேலை செய்தது. ஒவ்வொரு சுற்றும் முடிய மதிப்பெண்ணைப் பலகையில் எழுதினார்கள். நடுக்கத்தோடு நடுக்கமாக அவளுக்கு ஐந்து, மூன்று, ஐந்து, ஐந்து. கட்டகிரிக்கு ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று. இருவருக்கும் பதினெட்டு. நான் நாலு சுற்றிலும் சேர்த்து ஐந்து எடுத்திருந்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

கடைசிச் சுற்று. முதல் கிண்ணத்துக்கு அவள் பூவைப் போட்டாள், கடகட. இரண்டாவதுக்குக் காற்று, கடகட. மூன்றாவது கிண்ணம் வந்தது. உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். மறுபடி உறிஞ்சினாள். மீதம் இருப்பது பறவை, நிலா, விருந்தாளி மூன்றும்தான். கையைச் சில்லுகளின் மேல் கொண்டுபோய் எதையும் எடுக்காமல் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். எதிரில் கட்டகிரி ஒரு விநாடி நின்றுவிட்டு நிலாவைப் போட்டார். மற்றவர்களும் ஏதோ ஒன்றைப் போட்டார்கள். நான் விருந்தாளியைப் போட்டேன், எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். எல்லோரும் தமாக்கிக்காகக் காத்திருந்தோம். அவள் உதடு வெளுத்திருந்தது. போடுடி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மூன்றில் ஏதோ ஒன்றைப் போட்டால் ஆட்டத்திலாவது நிற்கலாம்.

“இது பூ,” என்றாள்.

அவள் வாய் திறந்துவிட்டாள். ஆட்டம் அவளுக்கு அதோடு முடிந்தது. அது தெரியாத ஆள் இல்லை அவள்.

“மன்னிக்கணும். முதல்ல வந்ததும் பூ, இதுவும் பூ. ஒரே சரக்கை ரெண்டு தடவை ஊத்தியிருக்கீங்க.” குரல் கையைவிட மோசமாக ஆடியது.

திரைக்குப் பின்னாலிருந்து இசுமிதானி வந்தார். நாற்பது வருடமாக ஊற்றுகிறவர். அப்படி இருக்க வழியில்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவுக்கே நான் எழுந்து ஓடிப்போயிருப்பேன். தமாக்கி தலையைக் குனிந்தாள், ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரத்தில் இலை இருக்கும், பாருங்கள் என்றாள்.

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு பாத்திரம் இருந்தன. எங்கள் நடுவில் வைத்தார். எனக்குக்கூட வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது, அதாவது இரண்டும் ஒரே இலை. டப்பாவை மாற்ற மறந்திருக்கிறார்.

“தப்பு என்னோடது,” என்று எல்லோர் முன்னாலும் தரையில் நெற்றி படக் குனிந்தார். எங்கள் ஊரில் ஒரு முதலாளி அப்படிக் குனிந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். நிமிர்ந்ததும் பழைய நியாயவான் ஆகிவிட்டார். சுற்று செல்லாது. ஆனாலும் ஆட்டத்தில் பேசியவர் பேசியவர்தான், விதி விதிதான். தமாக்கி வெளியேறினார், வென்றவர் கட்டகிரி என்றார். எனக்கு வந்த கோபத்தில் என் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். தமாக்கி தன் சில்லுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் கரண்டி பிடிக்கப்போகிற கை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டகிரி கையைத் தொடையிலிருந்து எடுக்காமலே பேசினார்.

“முதலாளி, எனக்கும் அது பூ மாதிரிதான் இருந்துச்சு.”

இசுமிதானி அவர் பக்கம் திரும்பினார். “அப்புறம் ஏன் நிலாவைப் போட்டீங்க?”

“பூவை ஏற்கெனவே போட்டாச்சு. ஊத்துறது நீங்க. நீங்க தப்பு பண்ணமாட்டீங்க, என் நாக்குதான் தப்புன்னு நினைச்சேன்.”

முதலாளி அந்த இரண்டு பாத்திரத்தையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, இனிமேல் தப்பு கூடத்தான் வரும், குறையாது, அதை என் முகத்துக்கு நேரே சொல்கிற ஆள்தான் அந்த நாற்காலிக்கு வேண்டும் என்றார். கட்டகிரிக்கு ஆட்டத்தில் வென்ற பரிசைக் கொடுத்துவிட்டார்: ஒரு துண்டும் தேயிலை டப்பா ஒன்றும். தலைமைக் கலப்பாளரின் அறைச் சாவியைத் தமாக்கியின் முன்னால் வைத்தார். கட்டகிரிதான் முதலில் தலை குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். அவரை நான் அதுவரை சரியாகப் பார்க்கவே இல்லை என்று அப்போது தோன்றியது.

சாவியை எடுக்கப்போன கை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இசுமிதானி அதைக் கவனித்தார். இவ்வளவு பயந்துகொண்டு, தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் எப்படி வாயைத் திறந்தாய் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

தமாக்கி யோசித்தாள். மாத்திரை, மூச்சுப் பயிற்சி, ஏதாவது சொல்வாள் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“பயமாத்தான் இருந்துச்சு முதலாளி. ஆனா அது பூ. பூவை எடுத்து நிலான்னு எப்படிப் போடுறது?”